நிறமற்றது, இனிப்பது

செக்கானூரணி தாண்டியதும் முள் ஏறியது.
ஏப்ரல் கடைசி, மதியம் இரண்டு நாற்பது.
முதலில் முள், பிறகு வாசனை,
வெல்லப்பாகு அடிப்பிடிப்பது போல.
பானட்டைத் தூக்கியபோது
நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்
அரிவாளும் கையுமாக ஓடி வந்தார்:
"மூடியத் தொறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துரும்."

அரைமணி நேரம் புளியமர நிழலில்
நானும் காரும் பேசாமல் நின்றோம்.
அப்புறம் அவர் குடத்திலிருந்து ஊற்றினேன்.
போர்த் தண்ணீர். வீடு வரை வந்துவிட்டது.

அதுதான் தப்பு என்றார் ஜபருல்லா.
காளவாசல் பட்டறையில் குழாயைக் கழற்றி
உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்.
எங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடி அது,
அதே வெள்ளைப் பொருக்கு.
"ரெண்டு வருசமா யாரோ
தண்ணியவே ஊத்தி ஓட்டிருக்காங்க."
அந்த யாரோ நான்தான். சொல்லவில்லை.

பைபாஸ் ரோட்டுக் கடையில்
பச்சை, சிவப்பு, நீலம்,
மூக்குத்திக் கல் போல் ஒரு ரோஸ்.
"எந்தக் கலர் மேடம்?" என்றாள் பூங்கோதை.

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்.
பள்ளிக்கூட ஒழுக்கக் குழுவில் நான் இருக்கிறேன்.
காலையில் கேட்டில் நின்று
மணிக்கட்டுக் கயிறுகளைக் கத்தரிப்பவள்.
என் இழுப்பறை நிறைய இருக்கின்றன,
எந்த நிறம் எந்தத் தெரு என்று
பையன்களை விட எனக்கு நன்றாகத் தெரியும்.

கேனின் முதுகில் எழுதியிருந்தது:
மைனஸ் முப்பத்தேழு டிகிரி வரை உறையாது.
சிரித்துவிட்டேன்.
மதுரையில் உறைவது தாலுகா ஆபீஸ் ஃபைல் மட்டும்தான்.
அடுத்த வரிதான் எங்களுக்கு:
நூற்றிருபத்தொன்பது வரை கொதிக்காது.

எத்திலீன் கிளைக்கால்.
வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிப் போடுகிறேன்:
நிறமற்றது. இனிப்பது. நஞ்சு.
அப்படியானால் இந்தப் பச்சை?
"சாயந்தான் மேடம், கம்பெனிக்கு ஒண்ணு.
கசிஞ்சாத் தெரியணும்ல."

அங்கேயே ஒரு பாடம் தயாராகிவிட்டது எனக்கு.
பாருங்கள் பிள்ளைகளே, மேலே சாயம்,
உள்ளே எல்லாம் ஒன்று என்று
சாக்பீஸைக் கூட எடுத்துவிட்டேன் மனசுக்குள்.

ஜபருல்லா போனில் அதைக் கெடுத்தார்.
"கலர் ஒண்ணா இருந்தாலும் கலந்துறாதீங்க.
உள்ள போட்ட மருந்து வேற வேற.
சேந்துச்சுன்னா களி மாதிரி ஆயிரும்."
என் உவமை ரோட்டோரம் நின்றது,
பானட்டைத் தூக்கிக்கொண்டு.
நிற்கட்டும்.
மனிதர்களைப் பற்றி எதையும்
ஒரு திரவம் வந்து சொல்ல வேண்டியதில்லை.

டேஷ்போர்டுக்குள் காரின் புத்தகம்,
உறைகூடப் பிரிக்காமல்.
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
நிறம் பற்றி ஒரு சொல் இல்லை.
ஆர்கானிக் ஆசிட் வகை, சிலிகேட் கூடாது,
தண்ணீர் அளவாய்க் கலந்தே வருவது, நாலரை லிட்டர்.
வாசித்துக் காட்டினேன். பூங்கோதை
பார்க்காமலே கை நீட்டி எடுத்து வைத்தாள்.
அது நீலமாக இருந்தது.
இன்னொரு கம்பெனியில் சிவப்பாக இருந்திருக்கும்.

பட்டறையில் மூன்று முறை கழுவி
புதியதை ஊற்றிய பையன் "மிஸ்" என்றான்.
சோலைராசு.
நான் கத்தரித்த கைகளில் ஒன்று.
மணிக்கட்டில் முழங்கை வரை கிரீஸ்.
அதற்கடியில் கயிறு இருக்கிறதா என்று பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

"ஹீட்டரப் போடுங்க மிஸ், ஃபுல்லா.
உள்ள நிக்கிற காத்து வெளிய போகணும்."
ஏப்ரலில், மதுரையில், ஹீட்டர்.
முகத்தில் அனல் அடிக்க
முள்ளையே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
பாதியில் போய் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

வெளியே பேசினில் வடித்த பழையது,
துரு நிறத்தில்.
ஒரு நாய் வந்து மோந்தது.
நான் ஹாரனில் கை வைப்பதற்குள்
அவன் பாய்ந்து பேசினைத் தூக்கிவிட்டான்.
"இனிக்கும் மிஸ். அதான் குடிக்க வரும்.
செத்துரும்."

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் அது.
அவன் பத்தோடு நின்றவன்.