பதினேழாம் பொறி

மிளகு பருமனில் ஒரு ரப்பர் குப்பி.
உள்ளே, அங்கில்லாத ஒருத்தியின் வாசம்.
எனக்கோ ஜெனோவாவுக்கோ அது மணப்பதில்லை.

நீடாமங்கலம் தொட்டு முத்துப்பேட்டை வரை
பதினாறு பொறி. சம்பா தூர் கட்டும் மாதம்.
விடிந்ததும் பையை அவிழ்த்து எண்ணுவோம்:
கோட்டூரில் குருத்துப்பூச்சி நாற்பத்தொன்று,
பாமணிக் கரையில் ஒன்பது,
இறால் குட்டை ஓரம் சைபர்.
அங்கே நெல்லே இல்லை, உப்பு.

முன்சிறகில் கரும்புள்ளி இருந்தால் பெண்.
இத்தனை பைகளில் ஒரு புள்ளி பார்த்ததில்லை.
அவர்கள் எங்கோ இலை நுனியில்
முட்டையிட்டு ரோமம் போர்த்துகிறார்கள்.
ஏமாந்தவர்களை வைத்துத்தான்
ஊர் ஊராய்ச் சிவப்பு வட்டம் போடுகிறோம்.

நேற்று மன்னார்குடி பேருந்து நிலையம், இரவு ஒன்பதரை.
டியூப்லைட்டை விட்டுவிட்டு
நாலு ஆண்பூச்சி என் சட்டைப் பையைச் சுற்றின.
குப்பி மாற்றிய கையை அங்கே துடைத்திருக்கிறேன்.
பக்கத்து ஆள் தள்ளி உட்கார்ந்தார்.
ஜெனோவா சிரித்தாள்; பிறகு நோட்டை எடுத்தாள்.
"இடம்னு என்ன எழுதட்டும்?"

பஸ் வந்தது. ஏறினோம்.
திருவாரூர் ரோட்டில் வயல்கள் இருட்டில் ஓடின.
ஒன்று மட்டும் சீட்டுக் கம்பியில் உட்கார்ந்து
என் பொய்யை நம்பிக்கொண்டே
கூட வந்தது.