இப்போதைக்குப் பெண்

கொளத்தூர்க் கடையில் வாங்கியபோது
என் கட்டைவிரல் நீளம்தான்.
வெள்ளை உடம்பில் கொட்டிய மைத்துளிகள்.
பில்லில் 'பாந்தர்' என்று எழுதினான் இம்தியாஸ்.
இது களவாச் சாதி என்று
எழுதவில்லை.

புரசைவாக்கத்துப் பல் ஆஸ்பத்திரி.
நாற்காலிக்கு நேர் எதிரே நாலடித் தொட்டி.
வாயைப் பிளந்து காத்திருப்பவர்களுக்கு
மீன் காட்டினால் பயம் தெளியும் என்பது
டாக்டர் பத்மலோசனியின் யோசனை.
செவ்வாய்தோறும் போவேன்
உப்பு கரைக்க, கண்ணாடி வழிக்க,
எண்ணிப் பார்க்க.

முதல் மாதம் நீலக் குஞ்சு இரண்டைக் காணோம்.
ஃபில்டரைப் பிரித்துத் தேடினேன்,
சோபாவுக்கு அடியில் தேடினேன்,
கூட்டுகிற ரெஜினாவைக் கேட்டுவிட்டேன்.
இன்றைக்கும் அவள் எனக்கு டீ தருவதில்லை.

பிறகு ஒரு செவ்வாய் கண்ணால் பார்த்தேன்.
துரத்தல் இல்லை, கடி இல்லை.
பாறையிருட்டில் செட்டையை மெல்ல விசிறிக்கொண்டு
வாயை ஒருமுறை திறந்தது, மூடியது.
அந்த இடத்தில்
கோமாளி மீன் ஒன்று இல்லாமல் போயிருந்தது.

இரண்டு வருஷம். ஒரு முழம்.
வளர வளரப் புள்ளிகள் சிறுத்தன, பெருகின.
இப்போது திரும்ப வேண்டுமென்றால்
வாலை மடக்கித்தான் திரும்புகிறது.

"ஆணா, பெண்ணா?"
பஞ்சு கடித்த வாயோடு ஒருவர் கேட்டார்.
இப்போதைக்குப் பெண் என்றேன்.
பின்னால் ஆணாகலாம், கடலில் இருந்தால்.
அவர் மேலே கேட்கவில்லை.
பல் பிடுங்கிய அன்று
யாரும் அதிகம் கேட்பதில்லை.

இதற்கு இறால் வாங்க
விடியுமுன் காசிமேடு போவேன்.
ஐஸில் கிடக்கும், ஊர்க் களவா, பழுப்புப் புள்ளியில்.
ஆழத்திலிருந்து சடாரென்று இழுத்ததில்
வயிறு வாய்வழியே பிதுங்கி
நாக்கு நீட்டியதுபோல் இருக்கும்.
"தலை தனியா வேணுமா?" என்பாள் ஏலக்காரி.
வேண்டாம், கால் கிலோ பொடி இறால் போதும்.

"எடுத்துட்டுப் போயிடுங்க" என்கிறார் டாக்டர்,
"குழந்தைங்க பயப்படுதுங்க."
இம்தியாஸ் எடுக்கமாட்டான்: இந்த சைஸுக்குத் தொட்டி இல்லை.
கடலில் விடலாம் என்றால்
இது இந்தக் கடலில் பிறந்ததே இல்லை,
பெட்டியில் விமானமேறி வந்தது.

வலையோடுதான் போனேன் இன்று.
என் கை நிழல் பட்டதும் மேலே வந்தது.
இறால் இல்லாத விரலை வாய்க்குள் இழுத்தது.
அரத்தால் தடவியதுபோல் ஒரு நொடி.
விட்டுவிட்டது.

வலையை வாளிக்குள் மடித்துப் போட்டேன்.
அடுத்த செவ்வாய் பார்க்கலாம் டாக்டர் என்றேன்.
டிரில் ஓடிக்கொண்டிருந்தது,
கேட்டிருக்காது.