கிளீனர்

ராத்திரி மூன்று மணிக்குச் சாவி கேட்பார்.
லாரியை விற்று எட்டு வருசம்.
"வித்தாச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்,
ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் விற்றது போல அழுதார்.
இப்போது சொல்வதில்லை.
"பட்டை உடைஞ்சு பட்டறையில நிக்குது,
ஈரோட்டுல இருந்து வரோணும்."
சங்ககிரியில் இந்தப் பொய்யை யாரும் நம்புவார்கள்.

குளிக்க வரமாட்டார்.
இழுத்தால் முழங்கை என் தாடைக்கு வரும்.
ஒருநாள் வேறு வழி தெரியாமல்
பாத்ரூம் கதவில் இரண்டு தட்டுத் தட்டி
"வரட்டும்... வரட்டும்..." என்றேன்.
சட்டென்று முதுகு காட்டி நின்றார்.
தோளுக்கு மேலே கதவைப் பார்த்தபடி
பின்னாலேயே நடந்தார்.
"லெப்ட்டுல ஒடிச்சு வாங்ணா, இன்னுங் கொஞ்சம், போதும் போதும்."
நிலைப்படி தட்டவில்லை, சுவர் உரசவில்லை.
நாற்பது வருசப் புருசனை அண்ணா என்றதில்
எனக்குத்தான் நாக்கு கூசியது.

அன்றிலிருந்து நான் மாரப்பன்.
நிஜ மாரப்பன் பவானியில் பேக்கரி வைத்திருக்கிறான்.

மகள் ஓசூரிலிருந்து வீடியோவில் வருவாள்.
"அப்பா நல்லாத்தானம்மா இருக்காரு?"
அவளிடம் நன்றாகத்தான் இருப்பார்,
ஏழு நிமிசம்.

பொங்கியண்ணன், வயது எழுபத்தொன்று.
சேலத்து டாக்டர் அவரிடம் கேட்டார்:
இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன, பேனாவா?
வெளியே வந்த நர்சுப் பெண்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டது:
"நீங்க கடைசியா எப்பங்க தூங்குனீங்க?"
யோசித்தேன்.
எனக்கும் கிழமை தெரியவில்லை.

நேற்று மூன்று மணிக்கு அவர் சாவி கேட்கவில்லை.
கட்டிலோரம் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தேன் போல.
ஒரு கை வந்து போர்வையை
தார்ப்பாய் கட்டுகிற மாதிரி
நாலு மூலையும் இழுத்துச் செருகியது.
"படுறா மாரப்பா, கண்ணு சொக்குது உனக்கு.
விடியற வரைக்கும் நானே ஓட்டிக்கறேன்."

கேட் பூட்டினேனா, கேஸ் மூடினேனா,
எழுந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.

விழித்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது.
பிளாஸ்டிக் நாற்காலியில், நனைந்த வேட்டியோடு,
இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு
எதிர்ச்சுவரை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தார்.
ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கவேண்டும்.
"எந்த எடம் வந்துருக்குதுங்ணா?"
"வைகுந்தம் டோல்கேட் இன்னும் வரல்ல.
சில்லறை எடுத்து வெய்யி."

வாளியில் வெந்நீர் விளாவினேன்.
கதவில் இரண்டு தட்டு.
வரட்டும்.