ஆடிட்டர் சொன்ன இடம்

கரூரில் நாங்கள் இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால்
காப்பி ஆறுவதற்குள் ஜவகர் பஜார் முழுக்கப் பேச்சாகிவிடும்.
அதனால் கோயமுத்தூர். அவிநாசி ரோடு.
ஆறாவது மாடியில் ஒரு துருக்கி ஓட்டல்.
'நம்மாளுக யாரும் அங்க வரமாட்டாங்க,
பொறுமையாப் பேசுங்க' என்றார் ஆடிட்டர்.
என் வீட்டுக்காரர் லிப்ட் வரை வந்தார்.
அந்தப் பக்கம் தங்கச்சி புருசன், இந்தப் பக்கம் பொண்டாட்டி.
'நான் கார்லயே இருக்கறனே' என்று திரும்பிவிட்டார்.

நல்லசிவம் அண்ணன் முன்னமே வந்திருந்தார்.
தலைக்கு மேல் வண்ணக் கண்ணாடி விளக்குகள்.
ஊதாவும் சிவப்பும் அவர் வெள்ளைச் சட்டையில்
சாயத்தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.
சுவரில் ஒரு நீலக் கண்.
திருஷ்டி கழிக்கவாம்.
எங்கள் தறிக்கூடத்து வாசலில் தொங்கும் பூசணிக்காய்
இவ்வளவு அழகாய் யாரையும் முறைத்ததில்லை.

மெனு அட்டையில் ரூபாய் என்று எங்கேயும் இல்லை.
வெறும் எண்கள்.
எங்களுக்கு அது பழக்கம்தான்.

அண்ணனுக்கு அன்று கிருத்திகை.
சிவப்புக் குல்லாய் போட்ட பையன், மிசோரமாம்,
கொண்டைக்கடலை மசியலைக் கொண்டுவந்து வைத்தான்.
நடுவில் குழி, குழியில் எண்ணெய்.
'இதுக்கு ஐநூத்தி அறுவதா?' என்றார் அண்ணன்.
ஆறு மாதத்தில் அவர் என்னிடம் கேட்டதில்
வக்கீல் எழுதித் தராத முதல் கேள்வி.
'எள்ளும் சேந்திருக்குதுங்கண்ணா' என்றேன்.

ரொட்டி தலையணை மாதிரி உப்பி வந்தது.
யார் முதலில் கை வைப்பதென்று
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதுவாகவே மெல்ல அமுங்கியது.

ஆட்டுக்கறி எனக்கு. சுட்ட கத்திரிக்காய் அவருக்கு.
தட்டுகளுக்கு நடுவே காகிதங்கள்.
பன்னிரண்டு தறி அவருக்கு, எட்டு எனக்கு.
ஜெர்மனி பார்ட்டி அவருக்கு.
வராத பாக்கியில் பாதி எனக்கு.
பெண்கள் பேரில் வட்டி குறைவென்று
பத்திரத்தில் சேர்த்த பேர் என்னுடையது.
பேர் மட்டும் போதும் என்றிருந்தார்கள்.
நான்தான் போய் நூல் எண்ணக் கற்றுக்கொண்டேன்.
அது தப்பு என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை.
சொல்லாமல் இருப்பதற்கென்றே அவரிடம் ஒரு முகம் உண்டு.

கை துடைக்கச் சூடாய் இரண்டு துண்டு வந்தது,
சுருட்டி, எலுமிச்சை வாசத்தோடு.
அவர் விரித்தார். நானும்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே தேய்த்து,
ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து,
ஒரு கண்ணி நூலை நகத்தால் இழுத்து,
'நானூத்தம்பது ஜிஎஸ்எம்' என்றோம்
ஒரே நேரத்தில்.

'அதுகூட வராது' என்றார் பிறகு.
'ஈரத்துல கனம் காட்டுது.'
'சோலாப்பூர் சரக்குங்கண்ணா.'
'டர்க்கி ஓட்டலு, டர்க்கி டவலு, சோலாப்பூரு!'
அண்ணன் சிரித்தார்.
குல்லாய்ப் பையனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.
இடுப்பு வைத்த சின்னக் கண்ணாடிக் குவளையில்
பாலில்லாத டீ வந்தது.
அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்
பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

விரல் இன்னும் ஈரம்.
கலாமணி என்று எழுதியதில்
'ம' மட்டும் கொஞ்சம் கலங்கியது.
செல்லும், பரவாயில்லை என்றார்.

பில்லை அவர்தான் எடுத்தார்.
'பாதி' என்றேன்.
பையன் மிஷினை இரண்டு தடவை அழுத்தினான்.

கீழே காரில் காளான் வாசம்.
தள்ளுவண்டியில் வாங்கிப் பாதி தின்றுவிட்டு
மீதித் தட்டை டேஷ்போர்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.
'எத்தன?'
'எட்டு.'
கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தார்.
'என்ன சாப்ட்டீங்க?'
'கடலை' என்றேன்.

ஆறிப்போன காளான். காரம் மட்டும் ஆறவில்லை.
சூலூர் தாண்டும் வரை
மடியில் வைத்துத் தின்றுகொண்டே வந்தேன்,
கையைப் புடவையில் துடைத்தபடி.