எட்டாவது பந்து

வாளையாறு தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்
இடதுகைப் பக்கம் எங்கள் எடைமேடை.
அறுபது டன் வரை தாங்கும்.
ராத்திரி வேலை எனக்கு.
சிமெண்ட், வெங்காயம், கோழித்தீவனம், கோழி,
ஒரு தடவை சக்கரம் கழற்றிய கோயில் தேர்.
எல்லாவற்றையும் எண்ணாக்கி
மூன்று பிரதி அடித்துக் கொடுப்பேன்.

இரண்டு மணிக்கு மேல் வரிசை அறுந்துபோகும்.
அப்போதுதான் பந்து வரைவேன்.

பந்துதான் முதலில் என்று
செல்போனில் ஒருவன் சொன்னான்.
மனுஷர் வேண்டாம், முகம் வேண்டாம்,
பேச்சு வேண்டவே வேண்டாம்,
ஒரு பந்து ஒழுங்காக விழட்டும்,
மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று.

பழைய பில் கட்டு, பின்பக்கம் வெள்ளை.
விளக்குப்பெட்டி வாங்கக் காசில்லை.
கம்ப்யூட்டர் திரையில் வெற்று பில்லைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்தின்மேல் தாள்களை ஒட்டி
அடியில் தெரிகிற பந்துக்குக் கீழே
அடுத்த பந்து.
ஊறுகாய் பாட்டிலில் சாய்ந்த செல்போன்
ஒவ்வொன்றாய்ப் படம் பிடிக்கும்.
பன்னிரண்டு தாள் போனால்
ஒரு விநாடி வரும்.
என் சம்பளத்தைவிட மோசமான கணக்கு.

முதல் பந்து விழவில்லை.
இறங்கியது.
மாப்பிள்ளை வீட்டு அத்தை
மண்டபத்துப் படியில் வருகிற மாதிரி
ஒரே அளவாக, நிதானமாக,
தரைக்கு வந்ததும் நின்றுகொண்டது.
மறுநாள் இன்னும் வட்டமாக வரைந்தேன்.
வட்டமாக இறங்கியது.
மூன்றாம் நாள் கறுப்பு மையை அப்பினேன்,
தன்னை இரும்பென்று அது நம்பட்டும் என்று.
கறுப்பாக இறங்கியது.

ராத்திரிக்கு எண்ணூறு டன் நிறுப்பவள்,
ஒரு பந்துக்குப் பத்து கிராம் கொடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நெரிசல்.
பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டது.
ஒல்லூருக்குப் புண்ணாக்கு ஏற்றிய சுகதன்
ஜன்னலில் தட்டுகிறான்,
"வேகம் சேச்சி, வேகம்."
மேசையில் கிடந்த ஏதோ ஒரு தாளில்
எண்ணை எழுதி, சீல் குத்தி, நீட்டினேன்.

விடியற்காலை எண்ணிப் பார்த்தால்
ஏழுக்கு அடுத்து ஒன்பது.
எட்டாவது பந்து
இருபத்து நாலாயிரத்து முந்நூற்று அறுபது கிலோவைத்
தன் முதுகில் சுமந்துகொண்டு
கஞ்சிக்கோடு தாண்டிப் போயிருந்தது.

திரும்ப வரையச் சோம்பல்.
இருப்பதை வைத்து ஓட்டினேன்.

விழுந்தது.

ஏழாம் இடத்தில் பார்த்த பந்து
நடுவில் எங்கும் நிற்காமல்
தரையில் இருந்தது.
போனில் சத்தமே கிடையாது,
நான் காலை இழுத்துக்கொண்டேன்.

நாலு தடவை ஓட்டினேன்.
இன்னொன்றை உருவினால் நல்லது என்று
ஐந்தை எடுத்தேன், திக்கியது.
ஐந்தைத் திருப்பி வைத்து
உச்சியில் ஒன்று கூட்டினேன்.
போக மனசில்லாமல் கொஞ்சம் மிதந்து,
பிறகு, சரி என்று, தொப்.

ஹாரன்.
ஜல்லி லாரி மேடையில் ஏறுகிறது.
பட்டைகள் அமுங்கி, எழும்பி, அமுங்க,
எண் தன் இடத்தைத் தாண்டி ஓடி
வெட்கப்பட்டுப் பின்வாங்கி
நடுங்கி நிற்கிறது.
நாலு வருஷமாக அந்த நடுக்கம் அடங்கத்தான்
நான் காத்திருந்தேன்.
எந்த பில்லிலும் அதை எழுதியதில்லை.
இன்றைக்கு ஓட்டுநரைக் கேட்டேன்,
அண்ணே, ஒரு தடவை இறங்கித் திரும்ப ஏற முடியுமா?
அவர் என்னைப் பார்த்த பார்வையை
வரைய எனக்கு இன்னும் வராது.

தரையில் பந்து நசுங்க வேண்டும்.
நாலு தாளாவது ஆகும்.
சுகதன் வந்தால்
அந்தத் தாளைக் கேட்கப் போவதில்லை.

காலி மேடையில் நாய் ஒன்று ஏறுகிறது,
காலையில் அந்தப் பக்கம், ராத்திரி இந்தப் பக்கம்
என்று திரியும் செவலை.
திரை பூஜ்யம் என்கிறது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது.
பிஸ்கட் ஒன்றைத் தூர எறிகிறேன்.
முன்கால் ஊன்றும்போது
பின்கால் எங்கே இருக்கிறது?
பார்ப்பதற்குள் தின்றுவிட்டது.

பாக்கெட்டில் இன்னும் ஆறு இருக்கிறது.