தவிச்ச கொடி

நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.
என் ஸ்கூட்டித் தவணையைவிட நூற்றிருபது அதிகம்.
விலை தெரியாமல்தான் முதல் பாட்டிலைக் குடித்தேன்.
தேக்கடி விடுதியில் கணக்கெழுதும் எனக்கு
தொலைந்த பாஸ்போர்ட்டைத் தேடிக் கொடுத்ததற்காக
ஒரு பெல்ஜியத்துக்காரர் தந்துவிட்டுப் போனது.
எவர்சில்வர் தம்ளரில்
ஒன்பது இரவு.

பிறகு இரண்டு வருட போனஸில் இரண்டு பாட்டில்.
இந்த வருடம் போனஸ் இல்லை.
நாக்குக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எப்படி இருக்கும் என்று கேட்டாள் பக்கத்து மேசை ஜிஷா.
ஏலக்காய் மூட்டையை உதறிய அறை,
நாவல்பழம் தின்ற வாயில் கொஞ்சம் துருப்பிடித்த ஆணி,
கடைசியாக, சர்க்கரையில்லாத கட்டன்சாயாவுக்குக்
கன்னம் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுமே,
அது.
"இதினோ சேச்சி இத்ரயும் பைசா?"

தேடினேன்.
குமுளிக் கடை வரிசையில் நின்றபோது
ஆண்கள் தாமாக விலகி வழிவிட்டார்கள்,
மரியாதையா பயமா தெரியவில்லை.
எழுநூற்று நாற்பதுக்கு நாசிக் சரக்கு:
நல்ல பிள்ளைதான், பேச வாயெடுத்ததும் முடித்துவிடுகிறது.
நானூற்றுச் சொச்சத்துக்கு இன்னொன்று:
இருமல் மருந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
கம்பத்தில் தம்பியை விட்டு வாங்கிய, தங்கக் குதிரை போட்ட பாட்டிலை
எறும்புகள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டன.
அணைக்கரை சோசம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்டதில்
கிராம்பு, கோதுமை, ஒரு முழுக் குடும்பத்தின் சிரிப்பு.
"பைசா வேண்டா, பரணி திரிச்சு தந்தா மதி" என்றார்.
நாசிக்கில் ஆறிய தேயிலைச்சாறு கலந்துகூடப் பார்த்தேன்.
அதைப் பற்றி வேண்டாம்.

கூடலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் மொக்கராசு.
ரெண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை.
பிராந்தி தவிர வேறு அறியாதவர்.
பழைய பாட்டிலில் மிச்சம் வைத்திருந்த ஒரு மடக்கை
அவருக்கு ஏன் கொடுத்தேன் என்று இன்றும் தெரியாது.
வாயில் வைத்திருந்தார், வைத்துக்கொண்டே இருந்தார்.
"இது தண்ணி பத்தாத கொடிம்மா.
கல்லுக்காட்டுல தவிச்சுக் காய்ச்சது.
நம்ம கொடிக்கென்ன,
மலையில குழாய் வழியா இறங்கி
காலடிக்கே வருது பெரியாறு.
இதுக எதுக்குத் தவிக்கணும்?"

மறுநாள் லோயர்கேம்ப்பில் வண்டியை நிறுத்தி
அந்தக் குழாய்களை அண்ணாந்து பார்த்தேன்.
தவிச்ச வாய்க்குத் தண்ணி தராதவர் இல்லாத ஊரில்
எப்படிக் கேட்பது?
கேட்டேன்:
ஒரே ஒரு வரிசைக்கு மடையைத் திறக்காதீங்க.
பச்சைப் பிள்ளைக்குச் சோறு போடாதே என்றதுபோல் பார்த்தார்.
"வாட விட்டா போறவன் வர்றவன் என்ன பேசுவான்?"

பேச்சு அதோடு நின்றது.
மூன்றாம் நாள் அவரே கூட்டிப்போய்க் காட்டினார்:
கல்வரப்போரம், தண்ணீர் ஏறாத மேட்டில் பதினொரு கொடி.
பழம் சுண்டைக்காய் அளவு, தோல் தடிமன்.
வியாபாரி தொடமாட்டான், ஆட்டுக்குத்தான் போகும்.
கிலோ பதினெட்டு என்று என்னிடம் வாங்கிக்கொண்டார்,
ஆட்டுக்கு என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

சோசம்மாவின் பரணியே.
சர்க்கரை போடவில்லை என்றதும்
போனில் சிலுவை போட்டுக்கொண்டது கேட்டது.
நாற்பத்தொரு நாள்.

ஏலக்காய் மூட்டை இல்லை. ஆணியும் இல்லை.
அடியில் கலங்கல், மேலே ஒரு புளித்த மூக்கு.
ஆனால் விழுங்கிய பின்
இடது கன்னம், கொஞ்சம் தாமதமாக வலது,
உள்ளே ஒட்டியது.
பாட்டிலுக்கு நாற்பது ரூபாய்க்கும் கீழே.
பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று யோசித்து
மூடி வைத்தேன்.

மொக்கராசு ஒரு தம்ளர் குடித்துவிட்டு
"கொஞ்சம் சக்கர போட்ருக்கலாம்" என்றார்.

நேற்று வாடகை கொடுக்கத் தோட்டம் பக்கம் போனேன்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
மேட்டுக்கு அடுத்த வரிசையின் மடையை
மண்வெட்டியால் அடைத்திருந்தார்.
மண் இன்னும் ஈரமாக இருந்தது.