மூன்றாவது தரைக்கல்

செயின்ட் லூயிஸ். இரத்தநாள அறுவைப் பிரிவில்
எனக்கு முதல் காலை.
காகிதத் தொப்பிக்குள் சடைகள் அடங்கவில்லை,
இரண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.
உள்ளே நுழைந்ததும் ஒருவர், திரும்பாமலே:
"குப்பைப் பை அந்த மூலையில்."
கொண்டுபோய்ப் போட்டேன்.
மறுபடி முழங்கை வரை கழுவினேன்.
ஏன் எடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

பிரெஸ்டன் பதினேழு வயதிலேயே
துடிக்கும் தமனியைப் பார்த்தவன்;
அப்பாவோடு கோல்ஃப் ஆடுகிறவர் கூட்டிப்போனாராம்.
கொக்கியை அவன் கையில் கொடுத்தார்கள்.
எனக்குத் தெரிந்தது
நான்கு நீல முதுகுகள்.

எங்கள் தெருவிலும்
அறுவை அரங்கைப் பார்க்காத வீடில்லை,
படுத்தபடி.
விளக்கை மட்டும்.
டாலிவர் ஒரு காலை விட்டுவந்தார்.
தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் ஒனீட்டா
இரண்டையும்.
இப்போது பெடல் மிதிக்க அவள் மகன்
கீழே உட்கார்ந்திருக்கிறான்.

மேசைமேல் துணிக்கு வெளியே
ஒரு பாதம், என் நிறத்தில்.
சுண்டுவிரல் நகத்தில் மட்டும்
ஊதாப் பூச்சைத் துடைக்க மறந்திருந்தார்கள்.

கோழித்தோலில் நானூறு தையல் போட்ட விரல்கள்
கையுறைக்குள் வேர்க்கின்றன.
சுவரிலிருந்து மேசைக்கு ஆறு தரைக்கல்.
மூன்றாவதில் நிற்கிறேன்.
இன்னும் யாரும் திரும்பவில்லை.